தாங்குவாரா?

சதையியில் பெரிய ஒபரேசன் என்று சொன்னதும் கல்முனையிலோ காரைதீவிலோ குடும்பத்தவர் வைத்தியரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான். "வாப்பாவுக்கு எழுபது வயசு டொக்டர், சீனியும் இருக்கு, பிறசரும் இருக்கு. தாங்குவாரா?" ஒரு வீட்டில் வாப்பா, மறு வீட்டில் அப்பா. நியாயமான கேள்வி. ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒபரேசனுக்குப் பிறகு சிக்கல் வருமா என்பது ஒன்று. வந்தால் உயிர் பிழைப்பாரா என்பது மற்றொன்று. இரண்டையும் தீர்மானிப்பவை ஒரே காரணங்கள் அல்ல. இந்த அத்தியாயம் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் முயற்சி.

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டினாற்போல், ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நீளத்தில் குறுக்காகப் படுத்திருக்கிறது சதையி. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இதுவே கணையம். இன்சுலின் சுரக்கும் உறுப்பாகத்தான் இதை நம்மில் பலர் அறிவோம். அதன் உடலில் பெரும்பகுதி செய்வது வேறு வேலை: நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்கும் மேலான சமிபாட்டு நீரைச் சுரந்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக முன்சிறுகுடலுக்கு அனுப்புகிறது. நாம் உண்ட இறைச்சியையும் மீனையும் கரைக்கும் நீர் அது. சதையியே கரைந்து போகாமலிருக்கக் காரணம், அந்த நொதியங்கள் உறங்கிய நிலையில் சுரப்பதுதான். குடலுக்குள் போன பிறகே அவை விழித்துக்கொள்கின்றன.

சதையியின் தலைப்பகுதியில் புற்றுநோய் வந்தால் செய்யப்படுவது விப்பிள் சத்திரசிகிச்சை. சதையியின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி, சில வேளைகளில் இரைப்பையின் ஒரு துண்டு, எல்லாம் ஒன்றாக வெளியே எடுக்கப்படும். பல மணித்தியாலங்கள் ஆகும் வேலை. மிஞ்சியிருக்கும் சதையியையும் பித்தக்குழாயையும் இரைப்பையையும் சிறுகுடலோடு திரும்ப இணைக்க வேண்டும். மூன்று இணைப்புகள். பித்தக்குழாய் இணைப்பும் இரைப்பை இணைப்பும் பெரும்பாலும் ஒழுங்காக ஆறிவிடும். அச்சமெல்லாம் சதையி இணைப்பில்தான். அது கசிந்தால், உறங்கிக் கிடந்த நொதியங்கள் குடல் நீரோடு கலந்து வயிற்றுக்குள்ளேயே விழித்துக்கொள்ளும். சுற்றியிருக்கும் இழையங்களை அவை அரிக்கும், கிருமி சேரும். அருகே கட்டி விடப்பட்ட இரத்த நாடியின் சுவரை அரித்துவிட்டால் இரத்தம் பீறிடும். இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் நேரும் மரணங்களில் பலவற்றைப் பின்னோக்கித் தேடிப் போனால் இந்தக் கசிவில்தான் போய் நிற்கும்.

அப்படியானால் கசிவு யாருக்கு வரும்? பலவீனமானவருக்கு, வயதானவருக்கு, நோய் முற்றியவருக்கு என்றே யாரும் நினைப்பார்கள். உண்மை ஏறக்குறைய தலைகீழானது. இந்தத் துறையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த உண்மையும் இதுதான்.

சதையியின் உள்ளே புற்றுக்கட்டி வளர்ந்து குழாயை நெடுநாள் அடைத்திருந்தால், மிஞ்சிய சதையி தழும்பேறி இறுகிப் போயிருக்கும். குழாய் விரிந்து ஐந்து மில்லிமீற்றரோ அதற்கு மேலோ அகலமாகியிருக்கும். இறுகிய இழையம் தையலைப் பிடித்துக்கொள்ளும். அகன்ற குழாயைத் தைப்பதும் இலகு. அதன் சுரப்பும் ஏற்கெனவே குறைந்திருக்கும். மாறாக, கட்டி பித்தக்குழாயின் கடைவாயிலோ முன்சிறுகுடலிலோ சிறிதாக இருந்து சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டவரின் சதையி, அநேகமாக ஆரோக்கியமான சதையி. அது மென்மையானது, குழாய் இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான், சுரப்போ முழு வேகத்தில். அதில் தையல் போடுவது எருமைத்தயிரில் நூல் கோப்பது போல. நூலை இறுக்கினால் இழையம் அறுந்துவிடும், தளர்த்தினால் இடைவெளி விழும். நோயைப் பொறுத்தவரை அதிர்ஷ்டசாலியான ஒருவர், தையலைப் பொறுத்தவரை ஆபத்தில் இருப்பவராகி விடுகிறார்.

2013இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட கசிவு அபாயப் புள்ளிமுறை இதைத்தான் எண்களாக்கியது. சதையி மென்மையாக இருந்தால் இரண்டு புள்ளி. குழாயின் விட்டம் ஐந்து மில்லிமீற்றரிலிருந்து ஒவ்வொரு மில்லிமீற்றராகக் குறையக் குறைய ஒவ்வொரு புள்ளி கூடும். நோய், சதையிப் புற்றோ சதையி அழற்சியோ அல்லாத வேறொன்றாயின் இன்னொரு புள்ளி. ஒபரேசனின்போது இழந்த இரத்தத்துக்கு மூன்று புள்ளி வரை. மொத்தம் பத்து. கவனித்தீர்களா? இந்தப் பட்டியலில் வயது இல்லை. சீனியும் இல்லை, பிறசரும் இல்லை. குடும்பம் கேட்ட மூன்றில் ஒன்றுகூடக் கசிவைக் கணிக்கும் கணக்கில் இடம்பெறவில்லை.

சீனியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் காலம் இது. நம் கரையோர ஊர்களில் சீனி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சதையிக் கசிவு அதிகமாக வருவதாகப் பெரிய தொகுப்புகள் காட்டவில்லை. இறுகிய சதையி அவர்களிடம் அதிகம் என்பது ஒரு விளக்கம். ஆனால் சீனி அப்பாவி என்று இதற்குப் பொருளல்ல. கட்டுப்பாடில்லாத சீனி காயத்தில் கிருமி சேர வழிவிடும். நெடுநாள் சீனி சிறுநீரகத்தையும் இதயக் குழாய்களையும் ஏற்கெனவே தேய்த்து வைத்திருக்கும். அது முதலாவது கேள்விக்கான விடையில் சிறிதாகவும் இரண்டாவது கேள்விக்கான விடையில் பெரிதாகவும் நிற்கிறது.

சீனி இன்னொரு விதத்தில் சாட்சியும் சொல்லும். ஐம்பது வயதுக்குப் பிறகு, குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல், உடம்பு மெலிந்துகொண்டே திடீரெனச் சீனி வந்தால், அது சதையிப் புற்றின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். அந்த வயதில் புதிதாக நீரிழிவு வருபவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவானோரிடம் அடுத்த மூன்றாண்டுக்குள் சதையிப் புற்று வெளிப்பட்டதாக அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. சிறிய விகிதம்தான், பயப்படத் தேவையில்லை. ஆனால் எடை குறைந்துகொண்டே சீனி கூடுகிறதென்றால், "சாப்பாட்டைக் கட்டுப்படுத்தியதால் மெலிந்துவிட்டார்" என்று சந்தோஷப்படுவதற்கு முன் வைத்தியரிடம் சொல்லிவிடுவது நல்லது.

கொழுப்பு நேரடியாகவே குற்றவாளி. உடல் பருத்தவர்களின் சதையிக்குள்ளும் கொழுப்புப் படிகிறது; கொழுப்பேறிய சதையி இன்னும் மென்மையாகிறது. 2019இல் ஐரோப்பாவில் திருத்தி அமைக்கப்பட்ட புள்ளிமுறையில் மென்மையோடும் குழாய் விட்டத்தோடும் உடற்பருமன் சுட்டெண் மூன்றாவதாகச் சேர்ந்தது அதனால்தான். தெற்காசியர்களான நமக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புனேயில் யாக்னிக் குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது போல, நம்மவர்களிடம் வெளியே மெலிவும் உள்ளே கொழுப்பும் சேர்ந்திருப்பது சாதாரணம். கைகால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னே. தராசு சொல்லும் எடையை வைத்து இவருக்குக் கொழுப்பில்லை என்று முடிவெடுக்க முடியாது. ஆசியர்களுக்கு உடற்பருமன் சுட்டெண் 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. ஒபரேசனுக்கு முன் எடுக்கும் சி.டி. ஸ்கேன் படத்தில், இடுப்புப் பகுதியின் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் தசை எவ்வளவு இருக்கிறது என்றும் அளக்கலாம். கொழுப்பு அதிகம், தசை குறைவு என்ற சேர்க்கைதான் எல்லாவற்றிலும் மோசமானது. கசிவுக்கு இடம் தருவது கொழுப்பு. கசிந்தபின் போராட உடம்புக்குத் தேவைப்படுவது தசை.

வயதுக்கு வருவோம். எண்பதைத் தாண்டியவர்களிடம் இறப்பு வீதம் கூடத்தான் செய்கிறது. ஆனாலும் வயலுக்கு நடந்தே போய் வரும் எழுபத்தைந்து வயதுக்காரரும், கதிரையிலிருந்து எழும்பக் கை தேடும் அறுபது வயதுக்காரரும் ஒரே தராசில் ஏற மாட்டார்கள். வைத்தியர் "மாடிப்படி ஏறுவாரா? கடைக்குத் தனியாகப் போவாரா?" என்று கேட்டால், அது பேச்சுக்குக் கேட்கும் கேள்வி அல்ல. அடையாள அட்டையில் உள்ள பிறந்த வருடத்தைவிட அதற்கான விடை அதிகம் சொல்லும். பிள்ளைகள் பாசத்தில் "வாப்பா எல்லாம் செய்வார்" என்று கூட்டிச் சொல்வதும், பயத்தில் "ஒன்றும் ஏலாது" என்று குறைத்துச் சொல்வதும் கணக்கைக் கெடுத்துவிடும்.

இனிச் செங்கண்மாரி. சதையித் தலையிலுள்ள கட்டி பித்தக்குழாயை நசுக்கும்போது கண்ணும் தோலும் மஞ்சளாகும், சிறுநீர் கடும் தேயிலைச் சாய நிறமாகும், மலம் வெளிறும், உடம்பெல்லாம் அரிக்கும். வலி இல்லாமலே இவ்வளவும் வரலாம். கிழக்குக் கரையில் செங்கண்மாரி என்றால் முதலில் கீழ்க்காய்நெல்லிதான். வைரஸால் வரும் செங்கண்மாரி பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். அந்தப் புகழ் மருந்துக்குப் போய்ச் சேர்கிறது. அடைப்பால் வரும் செங்கண்மாரி இறங்காது. மலம் வெளிறி, அரிப்போடு, இரண்டு வாரமாக மஞ்சள் ஏறிக்கொண்டே போனால் அதற்கு வேண்டியது ஸ்கேன். இந்தப் பகுதியில் இழக்கப்படும் வாரங்களில் பல இந்த இடத்தில்தான் இழக்கப்படுகின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பித்தம் குடலுக்குப் போகாவிட்டால் கொழுப்புச் சமிக்காது. கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்படும் விற்றமின் கே-யும் கிடைக்காது. அது இல்லாவிட்டால் ஈரல் இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைச் செய்ய முடியாது. இதன் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. ஜேர்மனியில் வோல்தர் கௌஷ் 1909இலேயே இத்தகைய சத்திரசிகிச்சையைச் செய்திருந்தார். நியூயோர்க்கில் அலன் விப்பிள் 1935இல் தன் முறையை வெளியிட்டபோது அதை இரண்டு கட்டமாகத்தான் செய்தார்: முதலில் பித்தத்துக்கு மாற்று வழி, சில வாரம் பொறுத்து உறுப்பை அகற்றல். மஞ்சளேறிய உடம்பு இரத்தம் கொட்டும் என்ற பயமே காரணம். விற்றமின் கே மருந்தாகக் கைக்கு வந்தபின் 1940களில் ஒரே கட்டமாகச் செய்ய முடிந்தது. அந்த விற்றமினைக் கண்டறிந்த ஹென்ரிக் டாமும் அதன் வேதியமைப்பை விளக்கிய எட்வேட் டொய்சியும் 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். இன்றைக்கு வாட்டில் மஞ்சளேறிய நோயாளிக்குத் தாதி போடும் சிறிய ஊசிக்குப் பின்னால் இவ்வளவும் நிற்கிறது. ஒருவருடைய அபாயத்தை மருந்தால் நேரடியாக நீக்கிவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்தத் துறையில் இல்லை.

மஞ்சளை முதலில் இறக்கிவிட்டுத்தான் ஒபரேசன் செய்யவேண்டும் என்பது நெடுங்காலம் எல்லோரும் நம்பிய ஒன்று. வாய் வழியாக அகநோக்கியைச் செலுத்தி, அடைபட்ட குழாயில் ஒரு சிறு குழாயை வைத்துப் பித்தத்தை வடியவிடுவார்கள். நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையை உலுக்கியது. மஞ்சளின் அளவைக் காட்டும் பிலிருபின் லீற்றருக்கு 40 முதல் 250 மைக்ரோமோல் வரை இருந்தவர்களில், நேரே சத்திரசிகிச்சைக்குப் போனவர்களில் 39 வீதமானோருக்குக் கடுமையான சிக்கல்கள் வந்தன. முதலில் பித்தம் வடித்துப் பின்னர் சத்திரசிகிச்சைக்குப் போனவர்களில் 74 வீதம். அந்தக் குழாய் வழியாகக் குடலின் கிருமிகள் பித்தத்துக்குள் ஏறிக்கொள்கின்றன. அதன்பின் உலோகக் குழாய்கள் வந்து நிலைமை ஓரளவு திருந்தியிருக்கிறது. ஆயினும், நடுக்கக் காய்ச்சலோடு கிருமித்தொற்று வந்தவர்கள், பிலிருபின் மிக உயர்ந்தவர்கள், சத்திரசிகிச்சைக்கு முன் புற்றுநோய் மருந்து பெறவேண்டியவர்கள் அல்லது நாள் கிடைக்கத் தாமதமாகிறவர்கள் ஆகியோருக்கே பித்தம் வடிப்பது என்பது இன்றைய பொதுவான நடைமுறை. கீழ்க்காய்நெல்லியில் ஆறு வாரம் போக்கிவிட்டு வருபவருக்கு, நேரே ஒபரேசனுக்குப் போகும் வாய்ப்பு அநேகமாகக் கைநழுவியிருக்கும்.

சாப்பாடு. ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்திலொரு பங்குக்கு மேல் குறைந்தவர், அல்லது இரத்தத்தில் அல்புமின் லீற்றருக்கு 30 கிராமுக்குக் கீழே போனவர், கடும் போசாக்கு அபாயத்தில் இருப்பவர் என்று ஐரோப்பிய வழிகாட்டிகள் கணிக்கின்றன. அவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் போசாக்கேற்றிய பிறகே சத்திரசிகிச்சை செய்யச் சொல்கின்றன. நம் வீடுகளிலோ செங்கண்மாரி என்றதும் பத்தியம் வந்துவிடும். மீன் இல்லை, முட்டை இல்லை, கஞ்சி மட்டும். தசை கரையும் காலத்தில் புரதத்தை நிறுத்துவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். கொழுப்புச் சமிக்கவில்லையே என்றால், அதற்குச் சதையி நொதிய மாத்திரை இருக்கிறது.

இங்கே ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும், ஏனென்றால் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் மருதமுனையிலும் இதைக் கேட்பார்கள், கேட்பதும் அவர்களது உரிமை. அந்த நொதியங்கள் பன்றியின் சதையியிலிருந்து எடுக்கப்படுபவை. இரத்தக்கட்டி வராமல் போடப்படும் ஹெபரின் வகை ஊசிகளும் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து வருபவை. சிலர் பெட்டியில் இருப்பதைப் படித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். எடை விழுந்துகொண்டே போகும்; வைத்தியருக்குக் காரணம் புரியாது. மாற்று இல்லாத நிலையில் உயிர்காக்கும் தேவைக்கு விலக்களிக்கும் ளரூரத் என்ற விதி இஸ்லாமிய சட்டத்தில் இருக்கிறது. ஒபரேசனுக்கு முன்பே வைத்தியரிடமும் தங்கள் மௌலவியிடமும் இதை வெளிப்படையாகப் பேசித் தெளிந்துகொள்வது, வீட்டில் இரகசியமாக நிறுத்துவதைவிட எவ்வளவோ மேல். வைத்தியரும் நோயாளி கேட்கும்வரை காத்திராமல் தானே சொல்வதுதான் மரியாதை.

புகைத்தலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒபரேசனுக்கு நான்கு வாரமாவது முன்பு நிறுத்தினால் நெஞ்சுச் சளிக் காய்ச்சலும் காயம் ஆறாமையும் குறைகின்றன. மயக்கம் தெளிந்த மறுநாள் ஆழமாக மூச்சிழுக்கவும் இருமவும் வேண்டியிருக்கும். அதற்கான பலத்தை முன்கூட்டியே சேர்த்துவைக்க, தினமும் கடற்கரையோரம் வேகமாக நடப்பது செலவில்லாத சிகிச்சை.

இதுவரை சொன்னவை நோயாளியின் உடம்பில் இருப்பவை. அவருடைய முகவரியும் ஓர் அபாயக் காரணிதான். அமெரிக்காவில் முதியோர் காப்புறுதிப் பதிவுகளை வைத்து 2002இல் வெளியான ஆய்வில், சதையிச் சத்திரசிகிச்சையை வருடத்துக்கு ஒன்றுகூடச் சராசரியாகச் செய்யாத வைத்தியசாலைகளில் இறப்பு 16.3 வீதம். வருடத்துக்குப் பதினாறுக்கு மேல் செய்பவற்றில் 3.8 வீதம். 1960களிலும் 70களிலும் நாலில் ஒருவர் வரை இறந்த சத்திரசிகிச்சை இது. இதைக் கைவிட்டுவிடலாம் என்று 1970இல் ஜோர்ஜ் கிரைல் எழுதினார். அப்படிப்பட்ட ஒன்றைத்தான் 1993இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் ஜோன் கமரன் குழுவினர் 145 பேருக்குத் தொடர்ச்சியாகச் செய்து, ஒருவரைக்கூட இழக்கவில்லை என்று அறிவித்தார்கள். சிக்கல்கள் அங்கேயும் வந்தன. இன்றும் மிகச் சிறந்த நிலையங்களில்கூட நூற்றுக்கு நாற்பது பேருக்கு ஏதோ ஒரு சிக்கல் வருகிறது. மாறியது, சிக்கல் வந்தவரைக் காப்பாற்றும் திறமை.

2022இல் வெளியான இன்னொரு நெதர்லாந்து ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. நாடெங்கிலுமுள்ள 17 நிலையங்களில், ஏறத்தாழ 1,750 நோயாளிகள். ஒபரேசன் முடிந்த மூன்றாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை காய்ச்சல், இரத்தத்தில் அழற்சி அளவு, வயிற்றில் வைத்த வடிகுழாயின் நீரிலுள்ள அமிலேஸ் என்ற சதையி நொதியம் ஆகியவற்றை ஒரு வரையறுத்த முறைப்படி பார்த்து, சந்தேகம் வந்தவுடன் ஸ்கேன் எடுத்துத் தேங்கியதை வடித்தார்கள். இரத்தப் பெருக்கு, உறுப்புச் செயலிழப்பு, மரணம் ஆகியவற்றில் ஒன்றேனும் நேர்ந்தவர்கள் 14 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைந்தார்கள். சதையி அதே மென்மையோடுதான் இருந்தது, குழாயும் அதே அளவுதான். மாறியது கவனிப்பு மட்டும்.

காரைதீவிலிருந்து கல்முனை வடக்கு வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கூப்பிடு தூரம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை நாற்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஈரல், பித்தம், சதையிக்கென்றே தனியாகப் பயின்ற நிபுணர்கள் பணிபுரியும் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கோ ராகம கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலைக்கோ போவதென்றால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் இரவுப் பயணம். இலவசச் சிகிச்சை என்பது நாட்டின் பெருமை. ஆனால் பஸ்ஸும் தங்குமிடமும் இலவசமல்ல. ஆகவே கையில் காசு குறைந்ததும் "எப்போது ஊருக்கு விடுவீர்கள்?" என்று குடும்பம் அவசரப்படும். எனக்குச் சொல்ல உரிமை இருந்தால் நான் சொல்வது, திரட்டும் பணத்தில் ஒரு பகுதியை ஒபரேசனுக்குப் பிந்திய இரண்டு மூன்று வாரம் அந்த வைத்தியசாலைக்கு அருகே தங்குவதற்கென்று ஒதுக்குங்கள். பள்ளிவாசலோ கோயில் சபையோ உதவ முன்வந்தால், கேட்க வேண்டிய உதவி அதுதான்.

ஏனென்றால் நாடி அரிக்கப்பட்டு வரும் இரத்தப் பெருக்கு முதல் நாளில் வருவதில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், சில வேளை அதற்கும் பிறகு, சோறு சாப்பிடத் தொடங்கி எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் வரும். பல தடவை அது முன்னறிவித்துவிட்டே வரும்: வடிகுழாயில் கொஞ்சம் சிவப்பு, வாந்தியில் கொஞ்சம் இரத்தம், அல்லது தார் போன்ற கறுத்த மலம். பிறகு நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று ஆறுதலடைவதுதான் ஆபத்து. அடுத்த பெருக்குக்கு முன் கிடைக்கும் அந்தச் சில மணித்தியாலங்களில் ஸ்கேன் செய்து, நாடிக்குள் கம்பி செலுத்தி அடைத்துவிட முடியும். அதேபோல நடுக்கக் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, வடிகுழாய் நீர் கலங்குவது, திரும்பவும் மஞ்சள் ஏறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். நோய்க் குறிப்பட்டையை எடுத்துக்கொண்டு 1990 அம்புலன்ஸை அழைக்கும்போது, வயிற்று வலி என்று மட்டும் சொல்லாமல், சதையியில் ஒபரேசன் செய்தது, இன்றைக்கு எத்தனையாவது நாள், எந்த வைத்தியசாலையில் என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள்.